கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், வெட்டிவேர்: வீட்டுத் தோட்டத்துக்கு எது?

வாசலில் வெயில் விழும் ஆறடி மண் சும்மா கிடக்கிறது. புல்தரை போட்டால் தண்ணீர் ஊற்றி மாளாது. பூச்செடி வைத்தால் சித்திரை வெயிலில் கருகுகிறது. அந்த இடத்தில் நம் மண்ணுக்குரிய ஒரு புல், படர்ந்து ஓடாமல் ஒரே இடத்தில் தூர் கட்டி நின்று, காற்றுக்குக் கதிரை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

நர்சரியில் அலங்காரப் புல் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது ஃபவுண்டன் கிராஸ். ஆப்பிரிக்க, மேற்கு ஆசியப் பக்கத்துப் புல் அது. அதே வகைக் கதிர், அதே வளைவு, இன்னும் கடினமான உயிர், இத்தனையும் உள்ள புல் நம் மேட்டுக்காடுகளிலேயே இருக்கிறது. அதற்கு முன், வேண்டாதவை இரண்டைத் தள்ளிவிடலாம். அறுகு கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும், தூர்ப்புல் அல்ல. தர்ப்பை பார்வைக்குத் தூர்தான், ஆனால் மண்ணுக்கடியில் தடித்த வேர்த்தண்டு விட்டுத் தள்ளித் தள்ளி முளைக்கும். பாத்தியில் ஒரு முறை இறங்கிவிட்டால் வெட்டி எடுத்த இடத்திலெல்லாம் மீண்டும் தலைகாட்டும். பூஜைக்காகத் தர்ப்பை வேண்டுமென்றால் தொட்டியில் வையுங்கள், தரையில் வேண்டாம்.

மிச்சமிருப்பவை கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், வெட்டிவேர். எலுமிச்சைப்புல்லையும் சேர்த்துக் கேட்பார்கள். தேநீருக்கும் கஷாயத்துக்கும் அது நல்லதுதான், ஆனால் பூப்பது அபூர்வம், ஓலையின் விளிம்பு கையைக் கீறும், வாரம் இரண்டு முறையாவது தண்ணீர் கேட்கும். அது சமையலறைத் தோட்டத்துச் செடி. அதை அங்கேயே விடலாம்.

கொழுக்கட்டைப்புல்

கரூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துக் கொரங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் புல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல் மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்தது இந்த மேய்ச்சல் நிலத்தில்தான். மழை குறைந்த, கல்லும் மணலும் கலந்த மேட்டு நிலத்தில், ஆண்டுக்கணக்கில் மாடு கடித்தும் சாகாமல் நிற்கும் புல், வாசலில் நம்முடைய மறதியையும் தாங்கும்.

தாவரப் பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ். இப்போதைய வகைப்பாட்டில் நம் கம்பும் இதே செங்க்ரஸ் பேரினத்தில்தான் வருகிறது. கதிரைப் பார்த்தாலே அந்த உறவு தெரியும்: ஒரு விரல் நீளத்தில், மெல்லிய மயிர் சூழ்ந்த, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து பின்னால் வைக்கோல் நிறத்துக்கு மாறும் கதிர். உரமில்லாத காய்ச்சல் மண்ணில் ஒன்றரை முதல் இரண்டரை அடி உயரம். செழித்த மண்ணில் மூன்றடியைத் தாண்டும். வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. தண்டின் அடி சற்றுப் பருத்திருக்கும்; தூர் தன் சேமிப்பை அங்கேதான் வைத்திருக்கிறது. மேலே சருகாகிப் போன தூர் முதல் மழைக்குத் துளிர்ப்பதும், ஒட்ட அறுத்த தூர் செத்துப்போவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

இதன் நெருங்கிய சொந்தம் நீலக் கொழுக்கட்டைப்புல், செங்க்ரஸ் கிளாக்கஸ். இலையில் நீலச் சாம்பல் பூச்சு இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தீவனத்துக்காக வெளியிட்ட கோ 1 இதுதான். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றே. இலை நிறத்துக்காக வளர்க்கிறவர்கள் இதைத் தேடிப் பிடிக்கலாம்.

கொழுக்கட்டைப்புல்லுக்கு ஆகாதவை இரண்டு: தேங்கும் தண்ணீர், நிழல். மாமரத்தடியில் வைத்தால் இலை நீண்டு மெலிந்து சாய்ந்து, கதிரே இல்லாமல் போகும். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்.

இதைப் படிக்கிற இடம் ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவின் அரிசோனாவோ என்றால் தயவுசெய்து இதை நடாதீர்கள். அங்கே இது காட்டையும் பாலைநிலத்தையும் ஆக்கிரமித்துத் தீயைப் பரப்பும் களை. நம் ஊரில் மாடும் பறவையும் இதை ஒரு கணக்கில் வைத்திருக்கின்றன. அங்கே அந்தக் கணக்கு இல்லை.

ஊசிப்புல்

மூன்றில் அழகு இதற்குத்தான் அதிகம். குன்றுச் சரிவுகளில் கதிர் முற்றிய பிறகு காலை வெயிலில் செம்பு நிறமாக நிற்கும். கதிரின் நுனியில் விரல் நீளத்துக்குக் கறுத்த ஊசிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சடை போலத் தொங்கும். முற்றிய ஒரு விதையை எடுத்து, ஊசியை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி மேசைமேல் வைத்துப் பாருங்கள். முறுக்கு அவிழ்ந்து ஊசி தானே சுழலும். காயும்போது எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். இரவுப் பனிக்கு ஒரு சுற்று, பகல் வெயிலுக்கு ஒரு சுற்று என்று விதை தன்னைத்தானே மண்ணுக்குள் திருகி இறக்கிக்கொள்கிறது. விதையின் அடிமுனை கூர்மையானது, பின்னோக்கிய மயிர் கொண்டது. உள்ளே போனது வெளியே வராது.

அதே வேலையைத்தான் அது வேட்டியிலும் காலுறையிலும் ஆட்டின் தோலிலும் செய்கிறது. வீட்டில் நாய் இருந்தால் இந்தப் புல் வேண்டவே வேண்டாம். கால் விரலிடுக்கில் ஏறிய ஊசி தோலைத் துளைத்துச் சீழ் வைக்கும். காதுக்குள் போனால் கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதே பதில். வேலியோரம், ஆள் நடமாட்டம் இல்லாத சரிவு, பாறை இடுக்கு, இப்படி இடம் உள்ளவர்கள் மட்டும் வைக்கலாம். அங்கேயும் ஊசி கறுக்கத் தொடங்கும் முன் கதிரை நறுக்கிவிட வேண்டும். கதிரை நறுக்கிவிட்டால் இந்தப் புல்லை வளர்த்ததன் பாதி அழகு போய்விடுகிறது. அதனால்தான் சாதாரண வீட்டுக்கு இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

வெட்டிவேர்

சிறிய புல் என்று இதைச் சொல்ல முடியாது. ஐந்தாறு அடி உயரம் போகும். இரண்டு மூன்று ஆண்டில் தூரின் அடி ஒன்றரை அடி அகலமாகும். ஆனால் மற்ற இரண்டும் செத்துப்போகும் இடத்தில் இது நிற்கும் என்பதால் பட்டியலில் இருக்கிறது. கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்த் தேங்கும் மூலை, மழைக்கு இரண்டு நாள் நீர் நிற்கும் பள்ளம், மண் சரியும் கரை, இவற்றுக்கு வெட்டிவேரே சரி. தென்னிந்தியாவில் பயிராகும் வகை விதைவழி பரவுவதில்லை. நட்ட இடத்தில் நிற்கும். வேர் நேர்கீழாக இறங்குவதால் பக்கத்துச் செடிக்குத் தொல்லையும் குறைவு. நிழலைத் தாங்காது.

வாங்கும்போது ஒரு பெயர்க்குழப்பத்தைக் கவனியுங்கள். விலாமிச்சை வேரையும் சில இடங்களில் வெட்டிவேர் என்றே சொல்கிறார்கள். அது புல்லே இல்லை. துளசிக் குடும்பத்துச் சிறு செடி. ஓலை நீளமாகப் புல்லாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எப்படி முடிவெடுப்பது

முதலில் ஒரு குழி. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம். நிரம்பத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாவது தடவை ஊற்றியது நாலு மணி நேரத்துக்குள் இறங்கினால் கொழுக்கட்டைப்புல் தாராளமாக வரும். சாயங்காலம் ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால், அது வெட்டிவேர் இடம். அங்கே வெட்டிவேர் வேண்டாமென்றால் முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுக் கொழுக்கட்டைப்புல்லை வைக்க வேண்டும். கரிசல் மண் வீடுகளில் மேட்டுப்பாத்தி இல்லாமல் முயலாதீர்கள். வளர்ந்த தூர் ஓரளவு தாங்கினாலும் இளம் நாற்று ஐப்பசி அடைமழையில் அழுகிவிடும்.

அடுத்தது, யார் நடக்கும் இடம் என்ற கேள்வி. பாதையோரம், படிக்கட்டுப் பக்கம், துணி காயப்போடும் இடம் என்றால் ஊசிப்புல் கிடையாது. கொழுக்கட்டைப்புல்லின் மயிர்க்கதிரும் முற்றினால் துணியில் ஒட்டும், ஆனால் குத்தாது. கையால் தட்டினால் போகும். உயரம் மூன்றாவது கேள்வி. சன்னலுக்குக் கீழே, கைப்பிடிச் சுவரோரம் என்றால் கொழுக்கட்டைப்புல் மட்டும்தான் அடங்கி நிற்கும்.

ஆக, வெயிலும் வடிகாலும் உள்ள சாதாரண வீட்டு வாசலுக்கு எங்கள் பதில் கொழுக்கட்டைப்புல்தான். தினைக்குருவிகளும் சிட்டுக்குருவிகளும் விதைக்கு வரும் என்பது கூடுதல் மகிழ்ச்சி. இனி இதை எப்படித் தொடங்குவது என்பதில்தான் பலருக்கும் தவறுகிறது.

விதையா, வேர்க்கரணையா

விதை மலிவு, எடை குறைவு, தூரத்திலிருந்தும் வரவழைக்கலாம். ஆனால் இந்த விதைக்குக் குணம் தெரிந்திருக்க வேண்டும். பறித்த விதை உடனே முளைக்காது, உறக்கத்தில் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை துணிப்பையில் காற்றோட்டமாக வைத்திருந்து விதைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பறித்தது அடுத்த ஆடிக்குப் பிறகு விதைக்கத் தகும். நல்ல விதை வாங்கி விதைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி, புதுவிதையை அவசரப்பட்டு விதைத்ததால் வருவது.

இன்னொரு குணம், மயிர்க்கூட்டில் பல வெறுங்கூடு. நாம் விதை என்று கையில் எடுப்பது மயிர் சூழ்ந்த ஒரு கூடு. மணி அதற்குள்ளே இருக்க வேண்டும், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பத்துக் கூடுகளை வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். உமி நீங்கிக் கம்பரிசியின் குட்டி போன்ற மணி எத்தனை தேறுகிறது என்று தெரியும். உமி நீங்கிய மணி சீக்கிரம் முளைக்கும், ஆனால் அதிக நாள் தாங்காது. அதனால் தேய்த்ததை அன்றே விதையுங்கள். ஈரத்துணியில் 50 கூடுகளைச் சுருட்டி வைத்துப் பத்து நாள் கழித்து எண்ணுவது இதைவிடவும் நம்பகமான சோதனை.

அளவு அதிகம் தேவையில்லை. தீவனத்துக்கு எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பது பரிந்துரை. ஒரு சென்ட்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 30 கிராம்தான். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் போதும். மயிர் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கையைவிட்டு விழாது என்பதால் ஐந்து பங்கு மணலோடு கலந்துகொள்ளுங்கள். வீசி விதைக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் கோடு கிழித்து அதில் தூவி, மெல்லிய மண் போர்த்தி, உள்ளங்கையால் அமுக்குங்கள். ஆழமாகப் போனால் முளை மேலே வராது. கோட்டில் விதைக்கச் சொல்வதற்குக் காரணம், முதல் மூன்று வாரம் இதன் நாற்றையும் களைப்புல்லையும் பிரித்தறிவது கடினம். கோட்டில் இருப்பதை விட்டு, கோட்டுக்கு வெளியே இருப்பதைப் பிடுங்கலாம்.

எறும்பு பெரிய எதிரி. ஒரே இரவில் வரிசையையே தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்கு விதை உருண்டை நல்ல வழி: களிமண் மூன்று பங்கு, மணல் ஒன்று, சாணம் ஒன்று பிசைந்து, நெல்லிக்காயில் பாதி அளவு உருண்டைக்குள் இரண்டு மூன்று கூடுகளை வைத்து நிழலில் உலர்த்தி, புரட்டாசி மழைக்கு முன் மண்மேல் பாதி அமுங்க வைத்துவிடலாம்.

வேர்க்கரணை, அதாவது வளர்ந்த தூரைப் பிரித்து எடுத்த வேரோடு கூடிய போத்து (பக்கத்தில் கிளைத்த தண்டு), இவ்வளவு நுணுக்கம் கேட்பதில்லை. ஒரு நல்ல தூரில் பதினைந்து இருபது கரணை தேறும். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆறு தூர், 40 சென்டிமீட்டர் இடைவெளி. ஆக ஒரே தாய்த்தூர் ஒரு வாசலுக்குப் போதும். பத்து மடங்கு இடம் நிரப்ப வேண்டுமானால் விதைக்குப் போங்கள். அதற்குக் கீழே என்றால் கரணைதான்.

தாய்த்தூரைக் காப்புக்காட்டில் போய்த் தோண்ட வேண்டாம். மேய்ச்சல்காடு வைத்திருப்பவரிடம் கேட்டாலே ஒரு தூர் கொடுப்பார். எடுக்கும்போது கதிரைக் கையால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் சரி. முள்ளாகக் குத்தினால் அது இதன் சொந்தத்திலேயே ஒட்டுமுள் வகை. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதது.

முதல் நாள் மாலை தாய்த்தூருக்குத் தண்ணீர் காட்டி, மேலே அரையடி விட்டு அறுத்துவிடுங்கள். மறுநாள் காலை கடப்பாரையால் சுற்றிலும் நெம்பி எடுத்து, வேரோடு இருக்கும் வெளிப்புற இளம் போத்துகளை மும்மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் இருக்கும் பழைய காய்ந்த பகுதி நட உதவாது. வேரை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, அன்று சாயங்காலத்துக்குள் நட்டுவிட வேண்டும். குழி அரையடி ஆழம் போதும். போத்தும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் இருக்க வேண்டும். கழுத்தைப் புதைத்தால் அழுகும், மேலே தூக்கி நட்டால் காயும். குதிகாலால் சுற்றி மிதித்துக் காற்றிடைவெளி இல்லாமல் இறுக்கி, உடனே தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு ஒரு மாதத்துக்கு மழை இல்லாத வாரங்களில் இரண்டு முறை. பழைய இலை முழுக்கக் காய்ந்துபோகும், பிடுங்கிவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் நடுக்குருத்து பச்சையாக எழும்.

நட ஏற்ற காலம் ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை. அடைமழை தொடங்கும் முன் வேர் பிடித்திருக்க வேண்டும் என்பதே கணக்கு.

தரையா, தொட்டியா

தரை இருந்தால் தரைதான். ஆழ வேர் விடும் புல்லைத் தொட்டியில் அடைத்தால் அதன் பெரிய பலமான வறட்சி தாங்கும் குணத்தை நாமே பறித்துவிடுகிறோம். தரையில் வேர்பிடித்த தூர் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு தண்ணீரில் பச்சை காட்டும். தொட்டியில் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஊற்ற வேண்டும். மாடி மட்டுமே உள்ளவர்கள் ஓரடி அகலம், ஓரடிக்குக் குறையாத ஆழம் உள்ள தொட்டியில் ஒரே ஒரு கரணை வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. தென்னைநார்க் கழிவை அள்ளிப் போடும் பழக்கம் இங்கே வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கழுத்தை அழுகவைக்கும். ஒன்றரை ஆண்டில் வேர் தொட்டியை நிறைத்துவிடும். அப்போது எடுத்துப் பிரித்து நட வேண்டும்.

எங்கே தவறுகிறது

அதிகம் நடக்கும் தவறு, அன்பு மிகுந்து உரம் போடுவது. யூரியாவோ கடலைப் புண்ணாக்குக் கரைசலோ போட்டால் தூர் கொழுத்து, நடுவே வகிடு எடுத்ததுபோல் நாலாபுறமும் சாய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன், தூருக்கு ஒரு கைப்பிடி மக்கிய உரம். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது, புல்தரை வெட்டுவதுபோல் தரையோடு வெட்டுவது. நாலு முதல் ஆறு அங்குலம் அடி விட்டே அறுக்க வேண்டும். முன்பே சொன்ன பருத்த அடித்தண்டு அங்கேதான் இருக்கிறது. முதல் ஆண்டு ஒரு முறை கதிர் முற்றும் வரை அரிவாளே படக்கூடாது. பிறகு ஆண்டுக்கு இரண்டு அறுப்பு: விதை உதிர்ந்த பின் தையில் ஒன்று, ஆடியில் மழைக்கு முன் ஒன்று. அறுத்த புல்லை மாட்டுக்குப் போடலாம். மாடு இல்லையென்றால் செடிகளுக்கு மூடாக்கு.

இலை மஞ்சளாகி, தூரைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்தால், அடியில் நீர் தேங்குகிறது என்று பொருள். மருந்து தேடாமல் வடிகால் வெட்டுங்கள். மழைக்காலக் கதிரில் தேன் போல ஒட்டும் துளி தெரிந்தால் தேனொழுகல் நோய். கம்பில் வருவது போன்றதே. அந்தக் கதிர்களை நறுக்கி எரித்துவிடுங்கள், மாட்டுக்குப் போடாதீர்கள், அவற்றிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

விதை எடுக்க நினைத்தால், வைக்கோல் நிறத்துக்கு வந்த கதிரை இரண்டு விரலுக்கிடையில் அடியிலிருந்து நுனிக்கு மெல்ல உருவுங்கள். கூடுகள் சிரமமில்லாமல் கையோடு வந்து, வளைந்து வளைந்து போகும் வெறுங்காம்பு மட்டும் மிஞ்சினால் பக்குவம். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் நாலு நாள் பொறுங்கள். எல்லாக் கதிரும் ஒரே நாளில் முற்றாது. வாரத்துக்கு ஒரு தடவை போய் முற்றியதை மட்டும் உருவ வேண்டும்.

மூன்றாம் ஆண்டு வாக்கில் தூரின் நடுப்பகுதி பட்டுப்போய், வளையம் போல ஓரத்தில் மட்டும் பச்சை நிற்கும். நோய் என்று பயந்து பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அது நோய் இல்லை, தூருக்கு வயதாகிவிட்டது. அடுத்த ஆடிக் கடைசியில் தோண்டி, ஓரத்துப் போத்துகளை மும்மூன்றாகப் பிரித்து, அதே குழியில் ஒரு கூடை புது மண் போட்டு ஒன்றை நட்டுவிட்டு, மீதிக் கரணைகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.